கடல் வைத்துப் போன நிலத்தில் ஒரு நடை



மட்டாஞ்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளிடம் "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் என்று தாத்தாவின் ஊரைச் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் அந்த ஊரில் அவர்கள் இருப்பது ஆண்டுக்குப் பத்து நாள். மீதி நாளெல்லாம் இருக்கும் இந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவை வீடு, பள்ளிக்கூடம், ட்யூஷன், கடைத்தெரு ஆகிய நான்குதான். விடுமுறை வந்தால் மூணாறு, ஊட்டி என்று வண்டி பேசுகிறோம். பஸ்ஸிலும் படகிலும் போய்ப் பார்க்கக்கூடிய கடற்கரையை எட்டிப் பார்ப்பதில்லை.

அடியேன் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ட்ராலியில் போனால் பாதை தெரியும்; நடந்து போனால்தான் தளர்ந்த சாவியும் ஜல்லி குறைந்த இடமும் தெரியும். ஊரும் அப்படித்தான் என்பது என் அபிப்பிராயம். ஆகவே, செலவு அதிகமில்லாத மூன்று நடைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த நிலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து பழைய முசிறித் துறை தூர்ந்தது என்றும், கொச்சியின் முகத்துவாரம் அகன்று துறைமுகமானது என்றும், வைப்பின் தீவு வண்டல் சேர்ந்து உருவானது என்றும் சொல்வார்கள். அந்த நிகழ்ச்சியை வைத்துப் 'புதுவைப்பு' என்று ஓர் ஆண்டுக் கணக்கே இங்கே வழங்கி வந்தது. பெயரைக் கவனியுங்கள். வைப்பு என்பது நாம் பேசும் அதே சொல். கடல் கொண்டுவந்து வைத்த நிலம்! ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920க்குப் பிறகு துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது, அள்ளிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் வில்லிங்டன் தீவு. ஆக, நம் காலடியில் இருப்பது நீர் கொடுத்த மண்.

முதல் நடை: மங்களவனம்

சிறு குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு இது உகந்தது. மட்டாஞ்சேரியில் 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டுவிட்டதால், படகேறி ஹைகோர்ட் துறையில் இறங்கலாம். ஹைகோர்ட்டுக்குப் பின்புறம், நடக்கும் தூரத்தில் இருக்கிறது மங்களவனம். மூன்று ஹெக்டேர் கூட இல்லாத இந்தச் சதுப்புநிலம் 2004இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாம் அலையாத்திக் காடு என்பதை இங்கே கண்டல்காடு என்கிறார்கள். சிதம்பரத்துக்கு அருகில் பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு இது அதன் குட்டித் தம்பி போலத் தோன்றும்.

நடுவில் உள்ள குளத்துக்கு ஒரு வாய்க்கால் வழியாகக் காயல் நீர் ஏறி இறங்குகிறது. சேற்றில் பென்சில் நட்டதுபோல நிற்பவை உப்பாத்தி மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால், வேர் மேலே எழும்பி வந்து மூச்சு விடுகிறது. மரங்களில் நீர்க்காகமும் இராக்கொக்கும் கூடு கட்டும். பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். வனத்துறையின் பராமரிப்பில் உள்ள இடமாதலால், திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

அதை ஒட்டியே இருக்கிறது பழைய எர்ணாகுளம் ரயில் நிலையம். 1902இல் ஷொறணூரிலிருந்து மீட்டர் கேஜ் பாதை வந்து முடிந்தது இங்கேதான். திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுக் கொச்சி மகாராஜா ராமவர்மா இந்தப் பாதைக்குப் பணம் திரட்டினார் என்பது பிரசித்தம். இன்று அங்கே வண்டிகள் இல்லை. புதர் மண்டிய அந்தப் பிளாட்பாரத்தைப் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

இரண்டாம் நடை: வைப்பின்

நன்றாக நடப்பவர்களுக்கு இது ஒரு முழு நாள். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வாகனங்களை ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகில் சில நிமிடங்களில் வைப்பின் கரை. அங்கிருந்து தீவின் நீளவாட்டில் வடக்கே முனம்பம் வரை பஸ்கள் ஓடுகின்றன. முதலில் புதுவைப்பில் இறங்கிக் கலங்கரை விளக்கத்தை நோக்கி நடக்கலாம். பழைய விளக்கம் ஃபோர்ட் கொச்சியில் இருந்தது. 1979இல் இங்கே மாறியது. அதையொட்டிய கடற்கரை ஆண்டுதோறும் மணல் சேர்ந்து வளர்ந்து வந்த இடம். அப்படி வளர்ந்த நிலத்தில்தான் 2013இல் திரவ இயற்கை எரிவாயு முனையமும் வந்தது.

மீண்டும் பஸ் ஏறிச் செறாயில் இறங்கினால், காயலைக் கடந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல். வழியில் பொக்காளி வயல்களைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் நெல். அறுவடைக்குப் பின் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதே வயலில் இறால். நெல்லின் தாள் இறாலுக்கு இரை. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். யூரியா மூட்டைக்கு அங்கே வேலையில்லை.

செறாயிலிருந்து கரையோரமாக வடக்கே நிதானமாக நடந்தால், முனம்பத்தில் கடலுக்குள் நீளும் கல்சுவரை அடையலாம். இங்கே அதைப் புலிமுட்டு என்பார்கள். பெரியாறு கடலில் கலப்பது அங்கேதான். எதிர்க்கரையில் அழீக்கோடு, அதற்கு அப்பால் கொடுங்கல்லூர். சங்கப் புலவர்கள் பாடிய சேரர் துறையான முசிறி இந்த வட்டாரத்தில்தான் இருந்தது என்பது அறிஞர்கள் கருத்து. "பிழைக்க வந்த ஊர்" என்று நாம் சொல்லிக்கொள்ளும் இடத்தைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் பாடியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்சுவரில் உட்கார்ந்து சொல்லுங்கள். திரும்பி வர முனம்பத்திலேயே பஸ் உண்டு.

மூன்றாம் நடை: கும்பளங்கி

தோப்பும்படி போய், அங்கிருந்து கும்பளங்கி பஸ் பிடிக்க வேண்டும். காயலோர வரப்புகள், சீன வலைகள், கண்டல் மரங்கள் என்று அரை நாள் போவதே தெரியாது. 2019இல் வந்த மலையாளத் திரைப்படத்தால் இந்த ஊர் பெயர் எங்கும் பரவியது. கோடையில் நீரில் உப்பு ஏறும்போது, இருட்டில் கையால் கலக்கினால் நீலமாக ஒளிரும், 'கவரு' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை அது.

கவனிக்க வேண்டியவை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வடக்கிலிருந்து உள்ளான் முதலிய வலசைப் பறவைகளும் அப்போது வந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். கரையோர நடை வேண்டாம். நீர் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரு முறை. தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். நீர் வற்றும் நேரத்தில் நடந்தால் ஈர மணல் காலுக்குக் கெட்டியாக இருக்கும், சேற்றில் இரை தேடும் பறவைகளையும் பார்க்கலாம். காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். தொப்பி, தண்ணீர், புளிசாதம் போதும். கல்சுவரில் பாசி வழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பையை வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

இதையெல்லாம் இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வைத்த கடல் எடுத்தும் கொள்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வைப்பினின் எடவனக்காட்டில் உயிர்ப்பலி வாங்கியது. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது, தெற்கே செல்லானத்தில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. பிறகு அங்கே 344 கோடி ரூபாய்த் திட்டத்தில் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கடற்சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. சேற்றைப் பிடித்து நிறுத்தி அலையின் வேகத்தைத் தணிக்கும் வேலையைக் கண்டல்காடு கூலி கேட்காமல் செய்கிறது. ஆனால் நகரத்துக்குள் அது மங்களவனம் போன்ற சில துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஒரு துண்டு போகும்போது "ஐயோ" என்று சொல்ல அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேண்டும். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கட்டும்.

கண்டலில் ஒரு வகையின் விதை, தாய் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, விழுந்த சேற்றில் குத்தி நின்றோ, நீரில் மிதந்து போன கரையில் ஒதுங்கியோ வேர் பிடிக்கும். தாய் மரத்தை அது மறுக்கவில்லை. ஆனால் உப்பும் நீரும் எடுப்பது நின்ற இடத்திலிருந்துதான். இந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரி படகுத்துறையில் குடும்பத்தோடு கூடி, மங்களவனத்தில் தொடங்கலாமே! அடுத்த முறை "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், நம் பிள்ளைகள் இரண்டு ஊர்ப் பெயர் சொல்லட்டும்.