உண்ணலும் அழித்தலும்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாறு

எளியனவெனத் தோன்றும் சொற்களே மொழிபெயர்ப்போரைப் பலகால் இடறச் செய்வன. ஆங்கிலத்திற் பெருவழக்காயுள்ள 'கொன்சியூம்' என்னும் வினைச்சொல் அத்தகையது. தீ வீட்டை எரித்தழித்தல், நோய் உடலை உருக்குதல், ஒருவன் உணவை உண்ணல், இயந்திரம் எண்ணெயைச் செலவிடல், பொறாமை உள்ளத்தை ஆட்கொள்ளல் ஆகிய அனைத்தையும் அச்சொல் ஒன்றே உணர்த்தும். வேறுபட்ட இப்பொருள்கள் ஒரு சொல்லில் அமைந்தவாறு யாங்ஙனம்?

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியிலுள்ளது. 'எமெரே' என்பது முதலில் எடுத்தலையும், பின்னர் விலைக்கு வாங்கலையும் குறித்தது. அது 'கீழ்' என்னும் பொருளுடைய முன்னொட்டோடு கூடிச் 'சூமெரே' என்றாகி, எடுத்துக்கொள்ளலை உணர்த்திற்று. அதன்மேல் முழுமையைக் குறிக்கும் 'கொன்' என்னும் முன்னொட்டுச் சேரவே, 'கொன்சூமெரே' எனும் சொல் பிறந்தது. எச்சமின்றி எடுத்துக்கொள்ளல் என்பதே அதன் அடிக்கருத்தாம். உண்ணலும் எரித்தலும் செலவிடலும் அக்கருத்தின் கிளைகளேயாகும்.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அக்காலத்தே அழிவுப்பொருளே மேலோங்கி நின்றது. உடலை உருக்கும் நோய்க்கும் இதன் பெயர்ச்சொல்லே பெயராயிற்று. 1882ஆம் ஆண்டில் றொபேட் கொக் அந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்து வெளியிட்ட பின்னரும் அப்பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. தேய்வு எனப் பொருள்படும் வடசொல்லடியாகப் பிறந்த 'சயரோகம்' என்பதும், 'எலும்புருக்கி' என்னும் தமிழ்ப்பெயரும் இதே நோக்கில் எழுந்தனவே.

18ஆம் நூற்றாண்டிற் பொருளியலார் கையில் இச்சொல் புதுநிலை எய்தியது. உற்பத்தியின் நோக்கமே பண்டங்களைப் பயன்படுத்தல்தான் என அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். முன்னர் வீணாக்குவோனைச் சுட்டிய சொல், இப்போது வாணிகம் முழுவதும் எவனை நோக்கி நடைபெறுகின்றதோ அவனைச் சுட்டலாயிற்று.

இப்பொருளுக்குத் தமிழில் 'நுகர்தல்' தெரிந்தெடுக்கப்பட்டது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் பெயரிலும் அதுவே உளது. எனினும் நுகர்தல் என்பது துய்த்தலையும் மணத்தை முகர்தலையும் குறிக்கும் சொல். மணத்தை நுகர்வதால் மலர் குறைவதில்லை. எஞ்சாமை என்னும் கருத்து அச்சொல்லில் இயல்பாக இல்லை. ஆதலின், 'தீ வீட்டை நுகர்ந்தது' என எழுதும் மாணவன் அகராதியைப் பின்பற்றியும் பிழைபடுகின்றான்.

ஆயினும் இரு கருத்துக்களும் தமிழ்மரபில் ஓரிடத்தே கூடுகின்றன. பிராரத்த வினை நுகர்ந்தே கழியும் என்பது சைவசித்தாந்தத் துணிபு. ஆண்டு நுகர்ச்சியே தீர்வாகின்றது. பிறவிடங்களில் எடுப்பது எது, எஞ்சுவது யாது என வினவி, அதற்கேற்ற சொல்லைத் தேர்தலே மொழிபெயர்ப்போன் கடனாம்.