திரியும் தூரிகையும்: ஓவியப் பீங்கான் விளக்கின் அகவை

பழைய பீங்கான் விளக்கொன்று கைக்கு வந்தவுடன் அதைக் கவிழ்த்து முத்திரையைத் தேடுவோரே மிகுதி. குறுக்கிட்ட இரு நீல வாள்கள் தென்பட்டால் மைசென் என்று முடிவுகட்டி விலை பேசத் தொடங்கிவிடுவர். மைசென் ஆலை 1710இல் தோன்றியது. வாள் முத்திரை 1720களில் வழக்கிற்கு வந்தது. அது புகழ்பெற்ற பின் அதைப் போலி செய்வோரும் பெருகினர். பாரிசில் 1845இல் தொடங்கிய சாம்சன் தொழிலகத்துக்குப் பழம்பீங்கான்களைப் படியெடுப்பதே தொழிலாக இருந்தது. முத்திரையில் நாட்டின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால் அதற்கு ஒரு பயன் உண்டு. இறக்குமதிப் பொருளில் அப்பெயர் இருக்கவேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தமையால், அத்தகைய விளக்கு பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதே. இதற்குமேல் முத்திரையை நம்பாமல் மண்ணையும் வண்ணத்தையும் பித்தளையையும் வினவுவதே முறை.

முதலில் மண். வெண்களிமண்ணும் களிக்கல்லும் படிகக்கல்லும் கலந்து, 1300 முதல் 1400 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் சுட்டால், முல்லைட் என்னும் ஊசிப்படிகங்கள் கண்ணாடிக்குழம்பில் பின்னிக்கொள்கின்றன. வன்பீங்கானின் உறுதியும் ஒளி ஊடுருவும் தன்மையும் இதனால் வாய்ப்பவை. ஆனால் சந்தையில் பீங்கான் என்று விற்கப்படும் விளக்குகளுள் பல, ஓவியம் தீட்டிய வெறும் பால்கண்ணாடி. அடிவிளிம்பே இரண்டையும் பிரித்துக் காட்டும். பீங்கானில் மெருகுப்பூச்சு படியாத வளையம் ஒளியற்று, விரலுக்குச் சற்றே சொரசொரப்பாகத் தட்டுப்படும். கண்ணாடியோ எங்கும் வழவழக்கும், சிலவேளை அச்சின் பொருத்துக்கோட்டையும் காட்டும்.

அடுத்தது வண்ணம், ஆய்வின் மையப்பகுதி இதுவே. கோபால்ட் நீலம் பெருவெப்பத்தைத் தாங்குமாதலால் மெருகுப்பூச்சுக்கு அடியிலேயே தீட்டப்படும். சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் முதலியவை பெரும்பாலும் மெருகின்மேல் தீட்டப்பட்டு, ஏறத்தாழ 700 முதல் 850 பாகையில் மீண்டும் சுடப்படும். ஆகவே விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் இதழோரத்தில் வண்ணம் மெல்லிய மேடாக எழுந்து நிற்பது தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் நோக்குங்கள். தூரிகை அழுந்திய இடம் அடர்ந்தும், இழுபட்ட இடம் நீர்த்தும், நின்ற முனையில் துளிபோல் தேங்கியும் இருக்கும். ஒழுங்கான புள்ளிகள் நிரந்து கிடந்தால் அது அச்சு ஒட்டு. கோடுகளை அச்சிட்டு நடுவில் கையால் வண்ணம் நிரப்பிய இடைநிலை வேலையும் உண்டு. விற்போர் இதனையும் கைவண்ணம் என்றே கூறுவர், அது பாதி உண்மை.

வண்ணத்தின் வேதியியலும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். குரோமியத்தை வொக்கலன் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1797இல் கண்டறிந்தார். அதன் பச்சை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் பீங்கானுக்கு வந்தது. அதற்கு முன் செம்பே பச்சையைத் தந்தது. ஊடுகதிரைப் பாய்ச்சி, வண்ணம் திருப்பி உமிழும் கதிரால் தனிமங்களை அறியும் முறை பொருளைச் சிதைப்பதில்லை. 1760ஆம் ஆண்டினதாகக் கூறப்படும் இலையொன்றில் குரோமியம் தென்பட்டால் அவ்வோவியம் பிற்காலத்தது. அப்போதும் மண் பழையதாக இருக்கலாம்: வெண்மையாகக் கிடந்த பழங்கலத்தில் பின்னர் ஒருவர் வண்ணம் தீட்டியிருக்கக்கூடும்.

இனிப் பித்தளை, அதாவது எரிகலன். மண்ணெண்ணெய்க்கு முன் எரிந்த கடுகின வித்தெண்ணெய் கொழகொழப்பானது; திரி வழியே உயரம் ஏறாது. அதனால் 1837இல் பிராஞ்சோ என்பவர் அமைத்த விளக்கில், சுருள்வில்லும் உந்துதட்டும் எண்ணெயை மேலே தள்ளின. அப்பொறியை மறைக்கவே நெடிய பீங்கான் குடுவைகள் பயன்பட்டன. 1850களில் பரவிய மண்ணெண்ணெய் தானே திரியில் ஏறிற்று, பொறி தேவையற்றதாயிற்று. பின்னர் மின்சாரம் வந்தது. ஒரே உடல் இம்மூன்றையும் கண்டிருக்கலாம் என்பதால், எரிகலனின் அகவையை உடலுக்கு ஏற்றிச் சொல்லலாகாது.

மின்கம்பிக்காகப் பூச்சாடிகளைத் துளைத்த கொடுமையும் நிகழ்ந்தது. சூளைக்கு முன்னரே இட்ட துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும். பின்னர்த் துளைத்ததோ கூரிய விளிம்பும் சிறு சில்லுப்பெயர்வும் கொண்டு வெளுத்துத் தோன்றும். சீனப் பழஞ்சாடி ஒன்றின் விலையைப் பெரிதும் வீழ்த்த அவ்வொரு துளை போதும்.

மதிப்பீட்டில் முழுமையே முதன்மை. உடல், எரிகலன், கூண்டு ஆகியவை தொடக்கம் முதலே சேர்ந்திருந்தவையா என்று பார்க்கவேண்டும். இணையாகக் கிடைப்பவை தனி விளக்கின் இருமடங்கினும் கூடுதலாக விலைபோவது இயல்பு. புறஊதா விளக்கின்கீழ் ஒட்டுப்பிசினும் புதுப்பூச்சும் பெரும்பாலும் வேறுபட்டு ஒளிரும். மயிரிழை விரிசலை விரலால் தட்டினால் கேட்கும் மங்கிய ஒலி உணர்த்தும். தேய்ந்த பொன்விளிம்பைப் புதுப்பிப்பதைவிட அப்படியே விடுவது மேல் என்பது என் கருத்து. காப்பீட்டுக்கு எழுதும் தொகை அதேபோன்ற விளக்கைக் கடையில் வாங்க ஆகும் செலவு. ஏலத்தில் கைக்கு வருவது பெரும்பாலும் அதனினும் குறைவு. விற்க எண்ணுவோர் முன்னதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசினால் விளக்கு வீட்டிலேயே இருக்கும்.