செம்மண் தடத்தில் 42 கிலோமீட்டர்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சாலையில் கிளியனூரைத் தாண்டிப் போனால் வானூர் வட்டம். அங்கே ஆரோவில் காட்டுக்குள் 2008-இல் தொடங்கிய மாரத்தான், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் நடக்கும். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. செம்மண் பாதையில் ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுகிறார்கள். இதைவிட நல்ல விதி ஓர் ஓட்டத்துக்கு இருக்க முடியாது என்றே சொல்வேன்.

முழுத் தூரம் 42.195 கிலோமீட்டர். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி, தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு பலருக்குத் தீர்ந்துபோகும். கால் இரும்பாய்க் கனக்கும். அதையும் தாண்டி ஓடி முடித்தவர்கள் பலர், அந்த வலியைவிடப் பிறகு ஓடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் வாரங்களே கஷ்டம் என்பார்கள்.

அது வெறும் பேச்சல்ல. 1970-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் பேக்லண்ட், ஒரு மாதம் உடற்பயிற்சியை நிறுத்திவைக்க ஆள் தேடினார். அநேகமாகத் தினமும் பயிற்சி செய்பவர்கள், பணம் தருகிறேன் என்றும் சம்மதிக்கவில்லை! வாரம் மூன்று நான்கு நாள் செய்பவர்கள்தான் கிடைத்தார்கள். அவர்களுக்கும் தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது.

ஆகவே, காயத்தால் ஓட்டத்தை நிறுத்தியவர் எரிந்து விழுந்தால் வீட்டார் கோபித்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் அனுமதித்தால் நீச்சலும் சைக்கிளும் கைகொடுக்கும். இரண்டு வாரம் ஓடாவிட்டாலே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடும். மறுபடி ஓடும்போது சீக்கிரம் மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய தூரத்தில் பாதியோடு தொடங்குங்கள்.