தண்டவாளத்தோரத்து அம்மாக்கள்

1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த வலிகாமத்துச் சனங்களில் நானும் ஒருத்தி. கைதடியில் ஒரு படலையடியில் நின்ற அம்மா, "பிள்ளை சாப்பிட்டதோ?" என்று மட்டும் கேட்டு ஒரு செம்பு தண்ணீரும் இரண்டு துண்டு பாணும் தந்தார். பிறகு எத்தனையோ நிவாரண வரிசைகளில் அட்டையை நீட்டி நின்றேன். அரிசி கிடைத்தது. முகத்தைப் பார்த்துத் தந்தவர் அந்த அம்மாதான்.

அதே ஆண்டு பெப்ரவரியில், மெக்சிக்கோவின் வேராகுரூஸ் மாநிலத்தில் லா பத்ரோனா என்ற சிற்றூரில் நடந்ததைப் பின்னர் அறிந்தேன். பாணும் பாலும் வாங்கிவந்த சகோதரிகள் இருவர் ரயில் கடவையில் நின்றார்கள். கடந்துபோன சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டிருந்தவர்கள், பசிக்கிறது அம்மா என்று கூவினார்கள். இருவரும் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போனார்கள். தாய் லெயோனிலா ஏசவில்லை. குடும்பமாகக் கூடிச் சமைக்கத் தொடங்கினார்கள்.

ரயிலில் வந்தவர்கள் ஹொண்டுராஸ், குவாத்தமாலா, எல் சல்வடோர் நாட்டவர்கள். வறுமைக்கும் வன்முறைக்கும் தப்பி அமெரிக்க எல்லையை நோக்கிப் போனவர்கள். கூரையிலிருந்து விழுந்து கால் இழந்தவர்கள் பலர். அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயரே 'மிருகம்'.

சமைத்த பெண்கள் வசதிக்காரர் அல்லர். கரும்பும் கோப்பியும் விளையும் ஊரின் சாதாரண கத்தோலிக்கப் பெண்கள். சோற்றையும் அவரையையும் பைகளில் கட்டி, தண்டவாளத்தோரம் நின்று கையை நீட்டிப் பிடிப்பார்கள். தண்ணீர்ப் போத்தல்களை இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைப்பார்கள். ஓடும் ரயிலில் இருப்பவர் அந்தக் கயிற்றை எட்டிப் பிடிக்கலாம். ஆவணம் இல்லாதவருக்கு உதவினால் சிறை என்ற பயம் இருந்த காலத்திலும் அவர்கள் நிறுத்தவில்லை. 2013இல் அவர்களில் ஒருவரான நோர்மா ரொமேரோவுக்கு மெக்சிக்கோவின் தேசிய மனித உரிமை விருது கிடைத்தது. எனக்கு என்னவோ, விருதைவிட அந்தக் கயிறுதான் பெரிதாகத் தெரிகிறது. வாங்குகிறவரின் கையை நினைத்துக் கட்டிய கயிறு அல்லவா!

அந்நியரை ஏற்பது பற்றிய மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நானும் பூசையில் எத்தனையோ தரம் கேட்டவள்தான். எங்கள் ஒழுங்கையில் இப்போது மலையகத்திலிருந்து வேலை தேடி வந்த குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. மூன்று மாதமாகிறது. எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்றெல்லாம் அவர்களிடம் கேட்டுவிட்டேன். பிள்ளை சாப்பிட்டதோ என்று இன்னும் கேட்கவில்லை.