கத்தரிக்கோல் யார் கையில்?

இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "ஐயா, மரபணு திருத்திய நெல்லுன்னு சொல்றாங்களே, அது பி.டி. பருத்தி மாதிரிதானா?" போன மாதம் ஒரு தம்பி கேட்டபோது, "ஆமாம்பா, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மனசு ஒப்பவில்லை. உட்கார்ந்து படித்தேன். நான் சொன்னது தப்பு.

இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் ஜெனிஃபர் டௌட்னா. 1964-ல் அமெரிக்காவில் பிறந்து, ஹவாய்த் தீவின் ஹிலோ என்ற ஊரில் வளர்ந்தவர். தொட்டாற்சிணுங்கி தொட்டதும் சுருங்குவதைப் பார்த்து, 'இது எப்படி நடக்குது?' என்று யோசித்த சிறுமி. பொண்ணுங்களுக்கு விஞ்ஞானம் எதுக்கு என்கிற மாதிரி பள்ளியில் ஒருவர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாரும் டி.என்.ஏ. பின்னால் ஓடிய காலத்தில் அவர் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டார். டி.என்.ஏ. மூலப் பத்திரம் என்றால், ஆர்.என்.ஏ. அதன் நகல். நகலை வைத்துத்தான் செல்லுக்குள் வேலை நடக்கிறது. சில ஆர்.என்.ஏ.க்கள் வெறும் நகல் இல்லை. தாமே வெட்டும், ஒட்டும். அவற்றை ஆராய்ந்து 1989-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அப்படிப்பட்ட ஒன்றின் ஒரு பகுதி என்ன வடிவம் என்று கண்டு வெளியிட 1996 ஆனது. மண் தேறுவதற்குக் காத்திருக்கிற நமக்கு அந்தப் பொறுமை புரியும்.

2006-ல், நுண்ணுயிர்களை ஆராயும் ஜிலியன் பேன்ஃபீல்ட் அவரிடம் ஒரு புதிரைக் கொண்டுவந்தார். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பெயர் கிரிஸ்பர். அது எதற்கு என்பதற்கான சான்று அடுத்த வருஷம் தயிர் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. வைரஸ் தாக்கினால் அதன் டி.என்.ஏ. துண்டு ஒன்றை பாக்டீரியா எடுத்து வைத்துக்கொள்கிறது. அதே வைரஸ் மறுபடி வந்தால், அடையாளம் கண்டு எதிர்க்கிறது.

2011-ல் பிரான்ஸைச் சேர்ந்த இமானுவேல் சார்பென்டியேவைச் சந்தித்தார். மறு வருஷமே இருவர் குழுவும் வழி கண்டது. வழிகாட்டும் ஆர்.என்.ஏ.வில் 20 எழுத்தை மாற்றி எழுதினால், கேஸ்9 என்ற புரதம் நாம் குறித்த இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும். 2020-ல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு.

ஹிட்லர் வந்து இந்த நுட்பத்தைப் பற்றிக் கேட்பதுபோல் கனவு கண்டதாக டௌட்னாவே எழுதியிருக்கிறார். மனிதக் கருவில் இதைப் பயன்படுத்துவதை நிறுத்தி வையுங்கள் என்று 2015-ல் கேட்டவர்களில் அவரும் ஒருவர். கண்டுபிடித்தவருக்கே பயம் இருக்கிறது.

சரி, நெல்லுக்கு வருவோம். பி.டி. பருத்தியில் மண் பாக்டீரியாவின் மரபணுவை உள்ளே வைத்தார்கள். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கமலா, பூசா டி.எஸ்.டி. 1 இரண்டிலும் நெல்லின் சொந்த மரபணுவைத்தான் திருத்தியிருக்கிறார்கள். கமலாவுக்கு மூலம் நாம் பிபிடி என்று நடுகிற சம்பா மசூரி. இந்த வகைத் திருத்தத்துக்கு 2022-லேயே உயிரிப் பாதுகாப்பு விதிகள் சிலவற்றிலிருந்து விலக்கு கொடுத்தாயிற்று.

ஆகவே, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று பேசினால் ஒரே வாக்கியத்தில் நம்மை மடக்கிவிடுவார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு.

ஒன்று: வெட்டுவது கருவி, வெட்டுப்பட்ட இடத்தை ஒட்டிக்கொள்வது செடி. வேறு இடத்தில் தவறி வெட்டவில்லை என்று யார் பார்த்தார்கள்? அந்த அறிக்கை எங்கே?

இரண்டு: பூசா டி.எஸ்.டி. 1 வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்கிறார்கள். உப்பு தாங்கும் களர்ப்பாலையும் குழியடிச்சானும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கே, அதற்கு என்ன செய்தீர்கள்?

மூன்று: இந்தக் கத்தரிக்கோலுக்குக் காப்புரிமை உண்டு. அது யாருக்கு என்று அமெரிக்காவில் பல வருஷமாக வழக்கு நடக்கிறது. வங்கியில் வேலை பார்த்த காலத்தில், வீட்டைக் கட்டிய கொத்தனார் யாரென்று நான் கேட்டதில்லை. பத்திரம் யார் பேரில் என்றுதான் கேட்பேன். விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கும் உரிமையை 2001 சட்டம் உழவருக்குக் கொடுத்திருக்கிறது. காப்புரிமை அதில் கை வைக்குமா?

அடுத்த கூட்டத்தில் அந்தத் தம்பியிடம் முதலில், "நான் சொன்னது தப்புப்பா" என்பேன். பிறகு, "இந்த மூணையும் எழுதிக் கேளு, பதிலையும் எழுத்துல வாங்கு" என்பேன்.