வீட்ல தமிழ்லயே பேசுங்கன்னு டீச்சர் ஏன் சொன்னாங்க?

லக்சம்பர்க்கில் இருக்கிற என் அக்கா போன மாதம் ஃபோன் பண்ணினாள். குரலே சரியில்லை. "பையனோட கிளாஸ் டீச்சர் கூப்பிட்டாங்கடா. வீட்ல தமிழ்லயே பேசுங்கன்னு சொல்றாங்க. ரெண்டு வருஷமா நாங்க கஷ்டப்பட்டு இங்கிலீஷ்ல பேசிட்டிருக்கோம்!"

பையனுக்கு எட்டு வயது. இண்டர்நேஷனல் ஸ்கூல். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், கூடவே பிரெஞ்சு. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதென்று அக்காவும் மாமாவும் வீட்டில் தமிழையே நிறுத்திவிட்டார்கள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். தமிழ் பேசினால் இங்கிலீஷ் கெட்டுடும் என்பது அப்போதே மண்டையில் ஏறிவிட்டது.

அப்புறம் ஏன் டீச்சர் அப்படிச் சொன்னார்?

கனடாவின் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1979-ல் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். பேசுவதற்கான மொழி வேறு, பாடம் படிப்பதற்கான மொழி வேறு. புது மொழியில் சரளமாகப் பேச ஒரு குழந்தைக்குச் சுமார் 2 வருடம் போதும். அதே மொழியில் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகப் பாடம் படிக்க 5 வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். நம்ம பாஷையில் சொன்னால், ஃப்ரன்ட் எண்ட் சூப்பரா இருக்கு, பேக் எண்ட் இன்னும் ரெடியாகலை. அக்கா பையன் கிரவுண்டில் இங்கிலீஷில் பொளந்து கட்டுவான். கணக்கில் நாலு வரிக் கேள்வி வந்தால் முழிப்பான்.

கம்மின்ஸ் சொன்ன இன்னொரு விஷயம்: மூளைக்குள் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி டேங்க் கிடையாது. அடியில் எல்லாம் ஒன்றுதான். ஒரு மொழியில் புரிந்துகொண்ட விஷயத்தை அடுத்த மொழியில் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை, பெயர் மட்டும் தெரிந்தால் போதும்.

இதை வைத்தே பள்ளி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதே லக்சம்பர்க்கில் 1953-ல் தொடங்கியதுதான் முதல் 'ஐரோப்பியப் பள்ளி'. பல நாட்டு அதிகாரிகளின் பிள்ளைகளுக்கானது. அங்கே அடிப்படைப் பாடங்கள் தாய்மொழியில். முதல் வகுப்பிலிருந்தே இரண்டாம் மொழி. உயர்வகுப்புகளில் வரலாறும் புவியியலும் அந்த இரண்டாம் மொழியில். தன் மொழிக்குத் தனிப் பிரிவு இல்லாத மாணவர் வேறு பிரிவில் சேர்ந்தாலும், தாய்மொழி வகுப்பு உண்டு. ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிகளுக்குத்தான். தமிழுக்கு அங்கே இடமில்லை.

1968-ல் ஜெனீவாவில் உருவான ஐ.பி. திட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. டிப்ளமா வகுப்பில், பள்ளியில் ஆசிரியரே இல்லாத மொழியின் இலக்கியத்தையும், பள்ளியின் மேற்பார்வையில் மாணவர் தானே படித்துத் தேர்வு எழுதலாம். ஆனால் அதற்குப் பதினாறு வயதில் அந்த மொழியில் புத்தகம் படிக்கத் தெரிந்திருக்கணும். அந்த அஸ்திவாரத்தை வீட்டில்தான் போடணும்.

அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "வீட்ல இங்கிலீஷ்ல என்ன பேசுவீங்க?" யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சாப்பிடு, தூங்கு, ஹோம்வொர்க் முடிச்சியா... அவ்ளோதான்டா." நிலா ஏன் தேயுது, தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார் என்பதையெல்லாம் அவளுக்குத் தமிழில்தான் சொல்லத் தெரியும். இரண்டு வருடமாக அதெல்லாம் நின்றுபோயிருந்தது. டீச்சரின் கவலையும் அதுதான். இங்கிலீஷை ஸ்கூல் பார்த்துக்கொள்ளும். இந்தப் பேச்சை ஸ்கூல் தர முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா அவனுக்கு ரவா உப்புமா செய்யச் சொல்லிக்கொடுத்தாள். "முக்கால் டம்ளர் ரவைடா கண்ணா." ஒரு நொடி யோசித்தான். "முக்கால்னா த்ரீ ஃபோர்த்ஸா பாட்டி?" அவனுக்கு இன்னும் தமிழ் எழுத்து தெரியாது. அக்கா 'அ'விலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

உங்க வீட்டில் எந்த மொழி நின்றுபோச்சு? யோசித்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.