விடியக்காலை 'மியாவ்'... உங்க வீட்டுப் பூனை பசிக்குத்தான் கத்துதா?

விடியற்காலை நாலரை மணி. பால் பாக்கெட் கூட வந்திருக்காது. படுக்கையறைக் கதவுக்கு வெளியே 'மியாவ்' என்று ஒரு குரல். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டால், அடுத்த 'மியாவ்' கொஞ்சம் நீளமாக வரும். மூன்றாவதில் கதவைப் பிராண்டும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். வேறு வழியில்லாமல் எழுந்து போய் தட்டில் ஒரு கைப்பிடி டிரை ஃபுட்டைக் கொட்டினால், நாலு வாய் கொறித்துவிட்டு ஜன்னல் ஓரம் போய்ச் சுருண்டு படுத்துவிடும். தூக்கம் போனது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான்.

அபார்ட்மென்ட்டில் பூனை வளர்க்கிற பலருக்கும் இது தினசரிக் கதை. "சும்மாவே கத்திட்டிருக்கும், அதோட சுபாவமே அப்படி" என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், ஒரே ஒரு வகைக் கத்தலை அப்படி விட்டுவிட்டால் பூனை இரண்டு நாள்கூடத் தாங்காது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், பூனை ஏன் கத்துகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

நமக்காகவே ஒரு பாஷை

வளர்ந்த இரண்டு பூனைகள் எதிரெதிரே வந்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று 'மியாவ்' என்று சொல்லிக்கொள்வது அபூர்வம். வால், காது, வாசனை இவற்றாலேயே பேச்சு முடிந்துவிடும். சண்டை என்றால் சீறும், உறுமும். 'மியாவ்' என்பது குட்டி தாயைக் கூப்பிடுகிற சத்தம். வளர்ந்த பிறகு தாயிடம் அதை நிறுத்திவிடுகிற பூனை, மனிதரிடம் மட்டும் ஆயுசுக்கும் தொடர்கிறது. நாம் அதன் வாலையும் காதையும் சரியாகப் படிப்பதில்லை. குரல் கொடுத்தால்தான் திரும்பிப் பார்க்கிறோம் என்பதை அது புரிந்து வைத்திருக்கிறது.

விஞ்ஞானிகளும் இதை விட்டுவைக்கவில்லை. 1944-லேயே மில்ட்ரெட் மோல்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், பூனை எழுப்பும் ஒலிகளைப் பதினாறு வகையாகப் பிரித்து எழுதினார். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நிகாஸ்ட்ரோ, வீட்டுப் பூனையின் குரலையும் ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் குரலையும் மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார். வீட்டுப் பூனையின் குரலே காதுக்கு இனிமையாக இருக்கிறது என்றார்கள் கேட்டவர்கள். 2009-ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு கண்டுபிடித்தது இன்னும் சுவாரஸ்யம். சாப்பாடு கேட்கும்போது சில பூனைகள் எழுப்பும் 'குர்ர்ர்' சத்தத்துக்குள், பச்சைக் குழந்தையின் அழுகையைப் போன்ற ஒரு மெல்லிய கூச்சல் கலந்திருக்கிறதாம். நம்மால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாததற்கு அதுதான் காரணம். ராத்திரியில் பூனை கத்தினால் 'குழந்தை அழுற மாதிரி இருக்கு, கெட்ட சகுனம்' என்று பாட்டிமார் சொல்வார்கள். சகுனத்தை விடுங்கள், குழந்தை மாதிரி இருக்கிறது என்பதில் தப்பில்லை.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் ஆராயும் சூசன் ஷோட்ஸ், பூனைக் குரலின் ராகத்தைக் கவனித்தவர். சாப்பாடு கேட்கும் 'மியாவ்' முடியும்போது மேலே ஏறும்; பயத்தில், கலக்கத்தில் வருவது கீழே இறங்கும் என்பது அவர் கவனிப்பு. ஆனாலும் எல்லாப் பூனைக்கும் பொதுவான அகராதி கிடையாது. ஒவ்வொரு பூனையும் அந்தந்த வீட்டு மனிதர்களுக்கென்று தனிச் சங்கேதம் வைத்திருக்கும். எதிர் ஃபிளாட் பூனையின் கத்தல் நமக்குப் புரியாததில் ஆச்சரியம் இல்லை.

பழக்கிவிட்டது யார்?

நாலரை மணிக் கதைக்கு வருவோம். முதல் நாள் கத்தியது, எழுந்து சாப்பாடு போட்டோம். கத்தினால் தட்டு நிறையும் என்று பாடம் படித்துக்கொண்டது பூனை. அந்தி சாயும் நேரமும் விடியும் நேரமும்தான் பூனைக்கு இயல்பாகவே சுறுசுறுப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தால் அலாரம் ரெடி.

இதை மாற்ற ஒரே வழி, கத்தலுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பை அறுப்பது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தட்டை நிரப்பாமல், பல் துலக்கி, காபி குடித்துவிட்டுப் போடலாம். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் குச்சியில் கட்டிய இறகைக் காட்டி ஓடவிட்டு, அதன் பிறகு கடைசிச் சாப்பாடு போட்டால் பூனை நன்றாகத் தூங்கும். (விளையாட்டு முடிந்ததும் அந்தக் கயிற்றை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும்.) கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்த முதல் சில நாள்கள் கத்தல் குறையாது, கூடும். இங்கேதான் பல குடும்பங்கள் தோற்கின்றன. நாலாவது நாள் பொறுக்கமுடியாமல் எழுந்து போட்டுவிட்டால், 'நாலு நாள் விடாமல் கத்தினால் கிடைக்கும்' என்பது புதுப் பாடமாகிவிடும். கத்துகிற பூனையைத் திட்டுவதும் வீண். ஒரு பூனைக்குத் திட்டும் ஒரு கவனிப்புதான்.

நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் பூனைக்கு அலுப்பும் ஒரு காரணம். கம்பிவலை அடித்த ஜன்னலோரத்தில் ஒரு மேடை போட்டு, தெருவையும் காக்காயையும் பார்க்கவிட்டால் பாதிப் புலம்பல் குறையும். வலை இல்லாத பால்கனி மட்டும் வேண்டாம். மாடியிலிருந்து விழுந்தால் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பது நம்பிக்கை மட்டுமே.

சைவ வீடுகளில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தயிர்சாதமும் பாலும் மட்டுமே சாப்பிடும் பூனை எப்போதும் பசியில்தான் இருக்கும். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்ளாது. இறைச்சி, மீனிலிருந்து வரவேண்டும். நீண்ட நாள் அது கிடைக்காவிட்டால் கண்பார்வை போகும், இதயம் பலவீனமாகும். சமைக்க மனமில்லாதவர்கள் கடையில் கிடைக்கும் கேட் ஃபுட்டையாவது வாங்கிப்போடுவது நல்லது.

கருத்தடை செய்யாத பெண் பூனையின் கத்தல் தனி ரகம். நாலைந்து மாதத்திலேயே ஆரம்பித்துவிடும். தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ராப்பகலாக ஓலமிடும். வலியில் துடிக்கிறது என்று நினைத்துப் பதறுவார்கள். அது இணை தேடும் குரல். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். ஆபரேஷன்தான் தீர்வு. 'ஒரு தடவை குட்டி போட்டுட்டா நல்லது' என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை; சீக்கிரம் செய்தால் பிற்காலத்தில் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் குறையும்.

இந்தக் கத்தலுக்குக் காத்திருக்கக் கூடாது

கடுவன் பூனை வளர்ப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். சிறுநீரில் உருவாகும் உப்புப் படிகங்களோ சளி போன்ற கட்டியோ அதில் அடைத்துக்கொண்டால், ஒரு சொட்டுகூட வெளியே வராது.

அப்போது பூனை என்ன செய்யும்? லிட்டர் பாக்ஸுக்குப் போகும், முக்கும், ஒன்றும் வராது, வெளியே வரும். ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும். உட்கார்ந்தபடியே கத்தும். வழக்கமான 'மியாவ்' இல்லை. அடித்தொண்டையிலிருந்து வரும் நீண்ட ஓலம். அடிக்கடி பின்பக்கத்தை நக்கும். சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது, வாந்தி எடுக்கும், மூலையில் போய் ஒளியும்.

இதைப் பார்த்துவிட்டு 'மலச்சிக்கல் போல' என்று விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. சிறுநீர் வெளியேறாவிட்டால் கழிவுகளும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போகலாம். நேரத்தோடு போனால், டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செருகி அடைப்பை எடுத்துவிடுவார். 'காலையில பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது. ராத்திரியானாலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையைத் தேடித் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த ஒரே மாத்திரை, பூனையைக் கொன்றுவிடும். அதன் கல்லீரலால் அந்த மருந்தைச் சமாளிக்க முடியாது.

இந்த அடைப்பு ஒரு முறை வந்தால் திரும்ப வரலாம். தண்ணீர் நிறைய உள்ளே போவது முக்கியம். டிரை ஃபுட் மட்டுமே சாப்பிடும் பூனைக்கு ஈரமான சாப்பாட்டையும் சேர்க்கலாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வைக்கலாம். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு: சிறுநீர்க் கட்டி எத்தனை என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று ராத்திரியில் வீடு முழுக்கச் சுற்றி ஓலமிட்டால் அதையும் வயசுக் கோளாறு என்று தள்ளிவிட வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால் தைராய்டு அதிகமாகியிருக்கலாம். மாத்திரையில் கட்டுப்படும். சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், காது மந்தம், ஞாபகத் தடுமாற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு. ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் போகும் முன் பூனை கத்துவதையும் மணல் தட்டில் உட்காருவதையும் போனில் அரை நிமிட வீடியோ எடுத்துக்கொள்வது உதவும். கூண்டுக்குள் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் எல்லாப் பூனையும் கப்சிப் ஆகிவிடும். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கும் பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்: "கடைசியா எப்போ யூரின் போச்சு?"